சாராபாய் இல்லமும் காலிகோ துணி அருங்காட்சியகமும்

அகமதாபாத் நகரின் வடபகுதியில், சபர்மதி ஆற்றங்கரையை ஒட்டி ஷாஹிபாக் என்னும் பகுதி அமைந்துள்ளது. முகலாயர் காலத்தில் அரசகுடும்பத்தாரின் தோட்டமாக விளங்கியமையால் ஏற்பட்ட பெயர் அது. பிற்காலத்தில் நகரத்து ஆலை அதிபர்கள் தத்தம் மாளிகைகளை அங்கு எழுப்பினர். அவற்றுள் 'ரிட்ரீட்' எனப் பெயரிடப்பட்ட சாராபாய் குடும்பத்து இல்லம், மரங்கள் அடர்ந்த பெருந்தோட்டத்தின் நடுவே இருக்கிறது. முன்னரே பெயர் பதிந்துகொண்ட சிலர் காலை வேளையில் அதன் வாயிலில் கூடுவர். கட்டணம் என்று எதுவும் இல்லை. ஆயினும் கைப்பை, கைப்பேசி, ஒளிப்படக் கருவி ஆகிய அனைத்தையும் வாயிலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். வழிகாட்டி ஒருவர் முன்செல்ல, அவர் பின்னே அனைவரும் ஒரு குழுவாகச் செல்லுதல் வேண்டும். விரும்பியவாறு தனித்து உலவுதல் இயலாது. ஓர் இல்லத்துக்கு விருந்தாகச் செல்வோர் அவ்வில்லத்தாரின் ஒழுங்குக்கு உட்படுவது போன்றதே இது. இந்திய நாட்டுத் துணிக்கலையின் தலைசிறந்த தொகுப்புகளுள் ஒன்றான காலிகோ துணி அருங்காட்சியகம் இவ்வில்லத்தின் வளாகத்திலேயே உள்ளது.

சாராபாய் குடும்பத்தார் பரம்பரையாக வணிகம் செய்துவந்த குஜராத்திச் சமணர். 1880-இல் தொடங்கப்பெற்ற காலிகோ ஆலை அவர்களது செல்வத்தின் ஊற்றாக இருந்தது. அம்பாலால் சாராபாய் இளமையிலேயே பெற்றோரை இழந்து, ஆலைப் பொறுப்பைத் தம் தோளில் ஏற்றவர். சரளாதேவியை மணந்து எட்டு மக்களைப் பெற்றார். மக்களைப் பள்ளிக்கு அனுப்பாது, ஆசிரியர்களை இல்லத்துக்கே வரவழைத்துக் கல்வி புகட்டினார். தாகூர் முதலிய பெரியோர் விருந்தினராகத் தங்கிய இல்லம் அது.

அவ்வில்லத்தின் கதவு பொதுநலத்துக்குத் திறந்தது அருங்காட்சியகத்தால் மட்டுமன்று. 1915-இல் காந்தியடிகள் கோச்ரப் ஆசிரமத்தில் தீண்டாதார் எனப்பட்ட குடும்பம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டபோது, உதவிவந்த செல்வர் பலரும் கைவிட்டனர். அந்நாளில் மோட்டார் வண்டியில் வந்த சேட் ஒருவர் 13,000 ரூபாயை அளித்துவிட்டு உடனே சென்றார். அடிகள் தம் தன்வரலாற்றில் அவர் பெயரைக் குறிக்கவில்லை. அம்பாலாலே அவர் என்பது வரலாற்றாசிரியர் துணிபு. மூன்றாண்டு கழித்து, 1918-இல், அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் 35 விழுக்காடு ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அப்போது ஆலை முதலாளிகளின் பக்கத்தில் அம்பாலால் தலைமை தாங்கி நின்றார். தொழிலாளர் பக்கத்தில் காந்தியடிகளோடு நின்றவர் அம்பாலாலின் உடன்பிறந்த தமக்கை அனசூயா. கருத்து மாறுபட்டும் உறவு முறியாத குடும்பம் அது. அம்பாலாலின் மைந்தரும் பின்னாளில் விண்வெளி ஆய்வுக்கு வித்திட்டவருமான விக்ரம் சாராபாய், 1947-இல் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியபோது அதன் முதற் பணிகள் ரிட்ரீட் இல்லத்திலேயே நடைபெற்றன. இல்லத்தை ஆய்வுக்கூடமாக்கிய குடும்பம் அதனை அருங்காட்சியகமாகவும் ஆக்கியதில் வியப்பில்லை.

ஆயினும் துணி அருங்காட்சியகம் என்னும் எண்ணத்தின் மூலத்தை நாடினால், தேடல் அகமதாபாத்தில் நில்லாது. யாழ்ப்பாணத் தமிழ்மரபில் வந்த ஒருவரிடம் கொண்டுசேர்க்கும். அவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877-இல் பிறந்தவர்; தந்தையார் சர் முத்து குமாரசுவாமி; தாயார் ஆங்கிலப் பெண்மணி. தந்தையை இழந்த குழந்தை இங்கிலாந்தில் வளர்ந்து நிலவியல் கற்று, இலங்கைக் கனிமவளத் துறையின் தலைவராகத் திரும்பி வந்தது. ஊர் ஊராகச் சென்று பாறைகளை ஆராயவந்தவரின் கண்களில், அழிந்துகொண்டிருந்த கைவினைகளே பட்டன. அப்பார்வை அவரது வாழ்வின் திசையையே மாற்றிவிட்டது.

1909 தொடங்கிச் சில ஆண்டுகள் அவர் வட இந்தியா முழுதும் அலைந்து ஓவியங்களையும் சிற்பங்களையும் துணிகளையும் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுத் திரட்டினார். இராசபுதன ஓவியம் என்று ஒரு தனி மரபு உண்டு என்பதை உலகுக்கு எடுத்துரைத்தவர் அவரே. அத்தொகுப்பு முழுவதையும் இந்நாட்டுக்கே வழங்க அவர் விழைந்தார். காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமையுமாயின் அனைத்தையும் அதற்கு அளிப்பதாகக் கூறினார். கேட்பார் இல்லை. அரசும் முன்வரவில்லை, செல்வரும் முன்வரவில்லை. முடிவில் டென்மன் ராஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் அத்தொகுப்பை வாங்கிப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு அளித்தார். 1917-இல் பொருள்களுடன் அவற்றின் காப்பாளராகக் குமாரசுவாமியும் அங்குச் சென்றார். கலைப்பொருள்களோடு அவற்றை அறிந்த அறிஞரையும் ஒருசேர இழந்தது இந்நாடு. இன்று சமண ஓவியங்களைப் பற்றி ஆராய்வோர் தவிர்க்கவியலாத நூல்களுள் ஒன்று, சமண ஓவியங்களுக்கும் சுவடிகளுக்கும் அவர் எழுதி 1924-இல் பாஸ்டனில் வெளிவந்த விளக்கப் பட்டியல். குஜராத்தில் எழுதப்பெற்ற கற்பசூத்திரச் சுவடிகளைப் பற்றிய அறிவைக் கடல் கடந்த ஊர் ஒன்றிலிருந்து பெறவேண்டியதாயிற்று என்பது வருந்தத்தக்கதே.

இருபதாண்டுகளுக்கும் மேலாகப் பாஸ்டனில் பணியாற்றிய அம்முதியவரிடம் 1940-களில் கௌதம் சாராபாய் உரையாடினார். இவர் அம்பாலாலின் மைந்தர்களுள் ஒருவர். ஆலை நிருவாகத்தில் ஈடுபட்டவர். நெசவுத் தொழிலின் தலைநகரான அகமதாபாத்தில் துணிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்பது குமாரசுவாமி தந்த கருத்து. தம் தொகுப்புக்கு இந்நாட்டில் ஒரு கூரை கிட்டாத மனிதர், பிறர் தொகுக்கப்போகும் பொருளுக்குக் கூரை அமைக்க வழிசொல்லிச் சென்றார். 1947 செப்டம்பரில் அவர் மறைந்தார். அருங்காட்சியகத்தை அவர் காணவில்லை. 1949-இல் பண்டித ஜவஹர்லால் நேரு அதனைத் திறந்துவைத்தார். கௌதமும் அவர்தம் தங்கை கீராவுமே அதன் நிறுவனர்கள்.

தொடக்கத்தில் அருங்காட்சியகம் ஆலையின் இடத்திலேயே இருந்தது. இதில் ஒரு முரண் உள்ளதைக் காணாதிருத்தல் இயலாது. காலிகோ என்னும் சொல்லே கோழிக்கோட்டுத் துறைமுகத்தின் பெயரிலிருந்து பிறந்தது. அங்கிருந்து கப்பலேறிய பருத்தித் துணிக்கு ஐரோப்பியர் இட்ட பெயர். இந்தியத் துணி இங்கிலாந்தில் அத்துணை விரும்பப்பட்டமையால், உள்நாட்டு நெசவாளரைக் காக்கவேண்டி 1721-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அச்சிட்ட பருத்தித் துணிகளை உடுப்பதையே தடைசெய்தது. பின்னர் எந்திரம் வந்தது, காற்று திசைமாறியது, மான்செஸ்டர் துணி இந்தியச் சந்தையை நிறைத்தது. அதற்கு விடையாகவே அகமதாபாத்தில் ஆலைகள் எழுந்தன. மான்செஸ்டரை எதிர்த்து நின்ற அவ்வாலைகளும் கைத்தறிக்கு நண்பர்கள் அல்லர். ஆலைத்துணி மலிந்த இடத்தில் தறி ஓய்ந்தது. தறியை ஓயச்செய்த எந்திரத்தின் வருவாயே தறியில் பிறந்த துணியைத் தேடி வாங்கிக் காத்தது. சாராபாய்களைப் போற்றுவோர் இதனை மறைக்க வேண்டுவதில்லை. பழிப்போர் இதனோடு நின்றுவிடுதலும் பொருந்தாது. அவர்கள் வாங்காதிருந்தால் அத்துணிகள் என்னவாகியிருக்கும் என்பதையும் எண்ணவேண்டும்.

கல்லும் செம்பும் புறக்கணிப்பைத் தாங்கும், துணி தாங்காது. வெயில் நிறத்தை உறிஞ்சும். ஈரம் பூசணம் பூக்கச் செய்யும். கரப்பானும் செல்லும் எஞ்சியதைத் தின்னும். இவை அனைத்தினும் கொடிது மனிதரின் சிக்கனம். பழைய சரிகைப்பட்டு கிழிந்துவிட்டால் அதனை எரித்து, சாம்பலிலிருந்து வெள்ளியையும் பொன்னையும் உருக்கி எடுப்பது நாடெங்கும் இருந்த வழக்கம். பாட்டியின் முகூர்த்தப் புடவை பேத்திக்கு வெள்ளிக் கிண்ணமான குடும்பங்கள் தமிழ்நாட்டிலும் பல. இவ்வாறு எத்தனை அரசவை ஆடைகள் உருக்குக் குகைக்குள் மறைந்தன என்று எண்ணிக் கணக்கிட இயலாது. இந்நிலையில் துணியைத் துணியென்றே மதித்து விலைகொடுத்து வாங்குவோர் ஒருவர் தோன்றியது காலத்தாற் செய்த உதவி.

வாங்கிச் சேர்த்ததோடு அவர்கள் அமையவில்லை. 1955 முதல் இந்தியத் துணி வரலாற்றுக்கென ஓர் ஆய்விதழை அருங்காட்சியகம் வெளியிட்டது. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் அறிஞர் ஜான் இர்வின் அதற்குத் துணைநின்றார். அவரும் மார்கரெட் ஹாலும் எழுதிய இரு பெருந்தொகுதிகள், இந்திய வரைதுணிகளையும் அச்சுத்துணிகளையும் பற்றியது 1971-லும், பூத்தையல்களைப் பற்றியது 1973-லும் வெளிவந்தன. துணிகளை ஆய்வுப் பொருளாக நோக்கும் துறை இந்நாட்டில் வேரூன்றியதில் இவற்றின் பங்கு பெரிது.

1983-இல் அருங்காட்சியகம் ஆலையிலிருந்து ரிட்ரீட் வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. அதுமுதல் சாராபாய் அறக்கட்டளை அதனை நடத்திவருகிறது. தொகுப்பு பெருகியதே இடமாற்றத்துக்குக் காரணம். வேறெங்கோ நிலம் வாங்கிப் புதுக்கட்டடம் எழுப்பியிருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யாது, குடும்பம் வாழ்ந்த தோட்டத்துக்குள்ளேயே கலைக்கூடத்தை நீட்டித்தனர். அம்முறையில் கீராவின் கைவண்ணம் புலனாகிறது. அவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட்டிடம் பயின்றவர். கௌதமுடன் இணைந்து 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாக உழைத்தவர். புதுமைக் கட்டடக் கலையில் பயிற்சி பெற்ற அவர், துணிகளுக்கு இல்லம் அமைக்கையில் பழைமையையே நாடினார். குஜராத்தின் பழைய ஊர்களில் இடிபட்டுக்கொண்டிருந்த ஹவேலிகளின் மரமுகப்புகளைக் கழற்றிக் கொணர்ந்து இங்கே பொருத்தச் செய்தார். செதுக்குவேலை நிறைந்த தூண்கள், போதிகைகள், பலகணிகள் ஆகியவை தோட்டத்து மரநிழலில் மீண்டும் எழுந்து நின்றன. இதே வளாகத்தில் குடும்பத்தைச் சேர்ந்த மனோரமா சாராபாய்க்காக லெ கொர்பூசியே 1950-களில் கட்டித்தந்த கான்கிரீட் இல்லமும் இருக்கிறது. இரண்டும் ஒரே தோட்டத்தில் அமைந்திருப்பது அக்குடும்பத்தின் இயல்புக்கு ஒரு சான்று.

உள்ளே காணக்கிடைப்பவற்றை முழுதும் விவரிக்கப் புகின் மலரின் பக்கங்கள் போதா. முகலாயர் காலத்துக் கூடாரத் துணிகள், காஷ்மீரச் சால்வைகள், நாத்துவாராக் கோயிலின் பிச்வாய்த் திரைகள் எனப் பல உள. அவற்றுள் பட்டோலாப் பட்டின் முன் சற்று நின்று பார்த்தல் தகும். சாதாரணத் துணியில் நெய்து முடித்தபின் சாயமிடலாம். அல்லது பாவு நூலுக்கு மட்டும் இடைவிட்டுச் சாயமிட்டு நெய்யலாம். பட்டோலாவிலோ பாவு, ஊடை ஆகிய இரண்டுக்கும் தறியேறுமுன்பே கட்டுக்கட்டிச் சாயமிடுவர். தறியில் ஊடை செல்லும் ஒவ்வொரு முறையும், அதிலுள்ள நிறப்புள்ளி பாவிலுள்ள நிறப்புள்ளியின் மீது பிசகாது சென்று அமர வேண்டும். ஒரு மயிரிழை பிசகினும் யானையின் துதிக்கை முறியும். பூவின் இதழ் சிதறும். ஒரு புடவைக்குப் பல மாதங்கள் ஆகும். பாட்டன் நகரத்துச் சால்வி நெசவாளர் வழிவழியாக இக்கலையைக் காத்துவருகின்றனர். சமணம் தழுவிய மன்னர் குமாரபாலர் நாள்தோறும் வழிபாட்டுக்குப் புதிய பட்டோலா உடுத்தியதாகவும், அதற்கெனவே ஜால்னாவிலிருந்து இந்நெசவாளரைக் குடியேற்றியதாகவும் செவிவழி வரலாறு கூறும்.

சோழமண்டலக் கடற்கரையின் கலம்காரித் துணிகள் தமிழ்க் கண்களுக்குத் தனி உவகை தருவன. கடுக்காயும் பாலும் ஊட்டிய துணி. இரும்பும் வெல்லமும் புளித்துத் தரும் கறுப்பு. படிகாரம் தடவிய இடங்களில் மட்டும் பற்றும் சாயவேர்ச் சிவப்பு. மெழுகால் மூடிய இடங்களை விட்டு எஞ்சியதில் ஏறும் அவுரி நீலம். எத்தனை முறை துவைத்தாலும் போகாத அந்நிறங்களுக்காகவே ஐரோப்பியக் கப்பல்கள் இக்கடற்கரையை நாடின. அறக்கட்டளையின் பிற கூடங்களில் தென்னாட்டுச் செப்புத் திருமேனிகளும் இடம்பெற்றுள்ளன.

சமணர்க்கு மிக அணுக்கமானவை பட ஓவியங்கள். பெருந்துணியில் சத்துருஞ்சய மலையையும், அதன் கோயில்களையும், படியேறிச் செல்லும் அடியார் கூட்டத்தையும் தீட்டுவர். மலைக்கு நேரில் செல்லவியலாதோர் கார்த்திகைப் பௌர்ணமி நாளில் அத்துணியின் முன் நின்று வழிபடுவது குஜராத்தில் வழக்கம். சம்பூத்தீவின் அமைப்பைக் காட்டும் படங்களும், துறவியரின் இருக்கைக்குப் பின்னே தொங்கவிடச் சரிகையால் பூவேலை செய்த திரைகளும் இவ்வகையினவே. வழிபடப்பெற்ற பொருள் காட்சிப் பொருளாகும்போது அதன் இயல்பு மாறிவிடுகிறதே என்று சிலர் கவலுவர். அக்கவலையில் நியாயம் உண்டு. ஆயினும் வழிபாட்டில் கிழிந்த துணியைப் புதுத்துணியால் மாற்றுவதே மரபாதலின், காத்துவைப்போர் இலராயின் பழையது ஒன்றும் எஞ்சியிராது.

காத்துவைத்தல் சமணர்க்குப் புதிதன்று. பாட்டன், ஜைசல்மேர் ஞானபண்டாரங்கள் பல நூற்றாண்டுச் சுவடிகளைக் காத்தன. தமிழ்நாட்டுச் சமண இல்லங்களும் அவ்வாறே. சீவக சிந்தாமணியின் பொருள் விளங்காது தவித்த உ.வே. சாமிநாதையருக்கு வழி திறந்தது கும்பகோணத்துச் சமணர் இல்லங்களில்தான். 1887-இல் நூல் அச்சேறியது. இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் மிகுபொருள் விரும்பாமையும் ஒன்றாயிருக்க, இத்துணைப் பொருளைச் சேர்த்துவைத்தல் முறையோ என வினவலாம். அறக்கட்டளை அமைத்தலே அதற்கு இல்லறத்தார் நெடுநாளாகக் கண்டுவந்த வழி. பொருள் இல்லத்திலேயே இருக்கும். உரிமை இல்லத்தாரிடம் இராது.

எனினும் காலிகோ அருங்காட்சியகத்தின் மீது ஒரு குறை சொல்லப்படுவதுண்டு. நாளொன்றுக்கு ஒரு சிலரையே அனுமதிப்பதும், படமெடுக்க விடாமையும், நின்று பார்க்க நேரம் தராமையும் பொதுமக்களுக்கு உரியதோர் இடத்துக்கு அழகல்ல என்பர். தொலைவிலிருந்து வந்து, பதிவு கிட்டாது வாயிலோடு திரும்புவோரின் மனவருத்தம் எளிதில் ஆறுவதன்று. விளக்கொளி மங்கலாக இருப்பதும், கூட்டம் குறைவாக இருப்பதும் துணியின் ஆயுளைக் கருதியே. அதில் விட்டுக்கொடுத்தல் தகாது. ஒருமுறை வெளிறிய நிறத்தை மீட்க வழியில்லை. ஆனால் தறியில் அமர்ந்து உழைக்கும் நெசவாளரும் சாயத்தொழிலாளரும் தம் முன்னோரின் கைவேலையை நெடுநேரம் நெருங்கி நோக்கும் வாய்ப்பு இன்னும் பெருகவேண்டும் என்பது தள்ளத்தக்க கோரிக்கை அன்று. சுற்றுலாப் பயணிக்கு ஒருமணி நேரம் போதும். நெசவாளிக்கு அது போதாது.

இல்லத்தைக் கலைக்கூடமாக்கும் வழக்கம் ஷாஹிபாக்கில் பின்னும் தொடர்ந்தது. ஆனந்தஜி கல்யாண்ஜி அறக்கட்டளையின் தலைவராக நெடுங்காலம் இருந்து ராணக்பூர், தில்வாரா கோயில்களைப் புதுக்கிய கஸ்தூர்பாய் லால்பாயின் குடும்பத்தார், தம் பழைய இல்லத்தை 2017-இல் அருங்காட்சியகமாகத் திறந்தனர். தாகூர் குடும்பத்து ஓவியர்களிடமிருந்து கஸ்தூர்பாய் வாங்கிய கலைத்தொகுப்பு அங்கு உள்ளது.

காலிகோ ஆலை 1990-களில் மூடப்பட்டது. நூற்றாண்டுக்கு மேல் ஓடிய எந்திரங்கள் நின்றன. அவற்றை நம்பியிருந்த தொழிலாளர் குடும்பங்கள் பிழைப்புத் தேடிப் பல திசைகளிலும் சிதறின. காலிகோ என்னும் பெயர் இன்று பெரும்பாலும் அருங்காட்சியகத்தையே குறிக்கிறது. கௌதம் 1995-இல் மறைந்தபின் கீரா தனித்து அதனைப் பேணினார். செய்தியாளரைச் சந்திப்பதையும் விழாமேடை ஏறுவதையும் அவர் விரும்பியதில்லை. எந்தத் துணி எந்த அறையில் எவ்வாறு தொங்கவேண்டும் என்பதில்தான் அவர் கருத்துச் செலுத்தினார். 2021 ஜூலையில், 97-ஆம் அகவையில், அவர் காலமானார்.

ஹவேலிகளின் அம்மரப்பலகணிகள் ஒருகாலத்தில் நெருக்கமான தெருக்களை நோக்கித் திறந்தவை. அவற்றின் பின்னே அமர்ந்து பெண்டிர் ஊர்வலங்களைக் கண்டிருப்பர். இன்று அவை ரிட்ரீட் தோட்டத்தின் மரங்களை நோக்குகின்றன. காலையில் பெயர் சரிபார்க்கப்பெற்று உள்ளே வரும் சிறு கூட்டம் அவற்றின் கீழே கூடி, வழிகாட்டியின் அழைப்புக்காகக் காத்து நிற்கிறது.